சுரை விதை எடுத்தது: இரண்டாவது முயற்சி

போன வருடம் என் சுரை விதையை 8 பேருக்குக் கொடுத்தேன். நாட்டுக் குண்டுச் சுரை என்று சொல்லித்தான் கொடுத்தேன். 6 பேருக்குக் கழுத்து நீண்டு, அடி மட்டும் உருண்ட காயாக வந்தது. தப்பு என்னுடையது. அதே பந்தலில் நீட்டுச் சுரையும் ஏற்றியிருந்தேன். சுரைப்பூ சாயங்காலம் மலரும், அந்துப்பூச்சிகள் இரண்டுக்கும் மாறி மாறிப் போகும். அப்படிக் கலந்தது அந்தக் காயில் தெரியாது. அதன் விதையைப் போட்டு, அது காய்க்கும்போதுதான் தெரியும். என் பேச்சை நம்பி மூன்று மாதம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது.

நல்லவேளை, பெரியம்மா கொடுத்த பழைய விதையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. தைப் பட்டத்தில் 12 விதை ஊன்றி, 7 கொடி தேறியது. இந்தத் தடவை கையாலேயே மகரந்தம் சேர்த்தேன். அன்றைக்கு மலரப்போகும் மொட்டு வெளுத்து, நுனி லேசாகத் தளர்ந்திருக்கும். நாலு மணிக்கே ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டின் நுனியையும் நூலால் கட்டிவிட்டேன். பெண் மொட்டுக்கு அடியில் பூனை ரோமம் போல மெத்தென்ற குட்டிச் சுரை இருக்கும், அதுதான் அடையாளம். இருட்டியதும் வேறொரு கொடியின் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவி, மறுபடி கட்டி, காம்பில் சிவப்பு நூல் சுற்றினேன். 6 பூவில் 4 பிடித்தது. அதில் ஒன்றின் கட்டு அன்று ராத்திரியே காற்றில் அவிழ்ந்துவிட்டது. சந்தேகம் வந்தபிறகு அதை விதைக்கு விட மனமில்லை, பிஞ்சிலேயே கூட்டு வைத்துவிட்டேன்.

விதைக்காயைக் கொடியில் முற்றவிட்டால் புதுப் பிஞ்சு குறையும். சமையலுக்கு நஷ்டம்தான், பரவாயில்லை. வைகாசி கடைசியில் காம்பு காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலத்தது. ரம்பத்தால் அறுத்து, விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, சலித்த சாம்பலில் புரட்டிப் பாட்டிலில் போட்டேன். ஈரத்துணியில் 20 விதை முடிந்து பார்த்ததில் 17 முளைத்தது.

பொட்டலத்தில் யார் கொடுத்த விதை, எத்தனை காயில் எடுத்தது, 20க்கு 17 எல்லாம் எழுதிவிட்டேன். பாரம்பரிய நெல் விதைகளைக் காத்துப் பரப்பிய மறைந்த நெல் ஜெயராமன், 2 கிலோ விதைநெல் கொடுத்து அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பிக் கேட்டு வந்தார். நானும் 10 விதை கொடுத்து 20 கேட்கிறேன். ஆனால் பூவைக் கட்டி எடுத்த விதை மட்டும். கட்டவில்லை என்றால் விதை வேண்டாம், அதை மறைக்காமல் சொன்னால் போதும்.

முதல் பொட்டலங்கள் அந்த 6 பேருக்கு. பக்கத்துத் தெரு அக்கா ஆடி பிறந்ததுமே ஊன்றிவிட்டார். இரண்டு இலை விட்டிருக்கிறது.