செட்டையின் முன்பக்கம்

எங்கள் மரவேலை மாஸ்டருக்கு நாங்கள் வைத்த பட்டம் 'அரம்'. அவருக்கும் அது தெரியும். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், திரும்பி வரும்போது தூக்கிக்கொண்டு வர வேண்டும், இல்லாவிட்டால் பல் மழுங்கிவிடும் என்பதை ஒரு பாடம் தவறாமல் சொல்லுவார். இரண்டு பக்கமும் போட்டுத் தேய்க்கிறவனுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நின்று, "தம்பி, தேங்காயோ துருவுறாய்?" என்று கேட்பார்.

பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை எங்கே என்று செயலாளர் மூன்றாம் தடவை போன் எடுத்தபோது நான் பேஸ்மென்ற்றில் ஒரு மாதிரி விமானத்தோடு, அரமும் கையுமாக இருந்தேன். சரி, அதையே எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

1974. எட்டாம் வகுப்பு. கல்லூரிப் பொருட்காட்சியில் எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது திருகோணமலைத் துறைமுகம். ஒருத்தன் சுவாமி மலையைக் களிமண்ணில் செய்தான். இன்னொருத்தன் பால் பேணிகளை வரிசையாக நிறுத்தி, இவைதான் சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் என்றான். உண்மையில் குதங்கள் 99. அவனிடம் இருந்த பேணிகள் 11. எனக்கும் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவனுக்கும் வந்து வாய்த்தது பறக்கும் படகு, அதாவது தண்ணீரில் இறங்கி எழும்பும் விமானம்.

மாஸ்டர் சின்னப் பையனாக இருந்த காலம் யுத்த காலம். அப்போது சீனன்குடாவில் டச்சுக்காரரின் 321ஆம் படையணி கற்றலினா என்ற பறக்கும் படகுகளை வைத்திருந்தது. அவை குடாவில் இறங்குவதை அவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். "கொக்கு இறங்கிற மாதிரி இல்லையடா, தாரா இறங்கிற மாதிரி. வயித்தால உரசிக்கொண்டு வந்துதான் நிக்கும்." கரும்பலகையில் கீறியும் காட்டினார். செட்டை உடம்பில் ஒட்டாது. நடுவில் ஒரு கழுத்து, கழுத்துக்கு மேலே செட்டை. அடிப்பாகம் வள்ளம் மாதிரி, அதில் பாதி வழியில் ஒரு படி. அந்தப் படி ஏன் என்று கேட்டோம். நனைந்த கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்து, இழுத்துப் பார் என்றார். வரவில்லை. தண்ணீர் அப்படித்தான் அடிவயிற்றைப் பிடித்து வைத்திருக்கும், படி இருந்தால் அந்த இடத்தில் காற்றுப் புகுந்து பிடி விட்டுப்போகும், அப்புறம்தான் எழும்பலாம். பௌதிகப் பாடத்தில் நான் படித்ததில் இன்றுவரை மறக்காதது, மரவேலைப் பாடத்தில் படித்த இந்த ஒன்றுதான்.

முள்முருக்கு மரத்தில் செய்தோம். மெதுமையான மரம், பேனாக்கத்திக்கே வெட்டுப்படும். இரண்டு கிழமை அராவினோம். பொருட்காட்சிக்கு முதல் நாள் இரவு செட்டையை ஒட்டிக் காயவிட்டோம். காலையில் மாஸ்டர் வந்து இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. ஆனால் இது பின்னாலயோ பறக்கும்?" செட்டையை முன் பின்னாக மாற்றி ஒட்டியிருந்தோம். இரண்டு எஞ்சினும் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றன. கழற்ற நேரமில்லை. சுவரோடு தள்ளி வைத்து, வால் பக்கத்தைப் பேணிகளால் மறைத்தோம். எண்ணெய்க் குதக்காரன் அதற்காக எங்களிடம் ஆளுக்கு ஒரு பனிஸ் வாங்கிக்கொண்டான்.

கனடாவுக்கு வந்த பிறகுதான் கதையின் மற்றப் பாதி தெரிந்தது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, காலிக்குப் பக்கத்துக் கொக்கல வாவியிலிருந்து எழும்பிய ஒரு கற்றலினாதான் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையை முதலில் கண்டது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். கனடிய விமானப்படையின் 413ஆம் படையணி அது. விமானி லெனார்ட் பேர்ச்சல், இலங்கைக்கு வந்து இரண்டே நாள். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியரின் சீரோ போர்விமானங்கள் சுட்டு விழுத்தின. ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தார்கள், மிச்சம் ஆறு பேரும் யுத்தம் முடியும்வரை ஜப்பானியரின் சிறையில். அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி எங்கள் ஊர் திருகோணமலையில். மாஸ்டரின் வீட்டார் அன்று வள்ளத்தில் மூதூர்ப் பக்கம் போனார்களாம். அவர் அதைச் சொல்லும்போது யுத்தத்தை விட, வள்ளத்தில் ஏற்ற முடியாமல் விட்டுவந்த ஆட்டைப் பற்றித்தான் கூடச் சொல்லுவார்.

பேர்ச்சல் பிறந்த ஊர் சென்ற் கத்தரின்ஸ். ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்குக் கூட்டிப்போவது நம்மவர் வழக்கம் அல்லவா? அந்தத் தெருவால் எத்தனை தரம் போயிருப்பேன்! புளிச்சோற்றுப் பார்சலோடு அவர் ஊரைத் தாண்டிப் போயிருக்கிறேன், ஆளை யாரென்று தெரியாமல்.

ஓய்வு பெற்றதும் அவருடைய விமானத்தையே செய்வதென்று முடிவெடுத்தேன். இலக்கம் ஏஜே155, பக்கத்தில் கியூஎல்-ஏ என்ற எழுத்துகள். அளவு 72இல் 1. உண்மையான செட்டை 31.7 மீற்றர் நீளம் என்பதால் மேசையில் அது 44 சென்ரிமீற்றர் வரும். மனைவியிடம் சின்னச் சாமான் என்றுதான் சொல்லிவைத்தேன்.

நான் வாங்கிய கிற் (ஒட்டிச் செய்யும் பிளாஸ்ரிக் துண்டுகள் உள்ள பெட்டி) கரையிலும் இறங்கும் வகை, அதாவது சக்கரம் உள்ளது. இங்கே ஹமில்ரன் விமான மியூசியத்தில் நிற்பதும் அந்த வகைதான், கனடாக்காரர் கான்சோ என்பார்கள். பேர்ச்சலின் விமானம் சுத்தமான படகு, அதற்குச் சக்கரமே கிடையாது. ஆகவே முதல் வேலை, விலாவில் இருந்த இரண்டு சக்கரக் குழிகளையும் மூக்கின் அடியில் இருந்த கதவையும் ஒரு மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் தகட்டால் மூடி, பூசி, அராவி, தடவினால் விரலுக்குத் தட்டாமல் ஆக்குவது. கண்ணால் பார்த்தால் சரிபோல இருக்கும். சாம்பல் பெயின்ற் ஒரு பூச்சுப் பூசியதும் பள்ளமெல்லாம் பல்லிளிக்கும். ஐந்து தரம் பூசி ஐந்து தரம் தேய்த்தேன்.

எஞ்சினின் வார்ப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கற்றலினாவுக்கும் டக்கோட்டா விமானத்துக்கும் ஒரே எஞ்சின்தான், பிராட் அன்ட் விட்னி, ஏழு ஏழாக இரண்டு வரிசையில் 14 சிலிண்டர். ஆகவே ஒரு டக்கோட்டா கிற் வாங்கி அதன் எஞ்சின் இரண்டையும் எடுத்தேன். எயர் சிலோன் 1947 டிசம்பர் 10ஆம் திகதி முதன்முதலில் ரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்ததும் டக்கோட்டாவில்தான். எஞ்சின் இல்லாத அந்த விமானம் இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது, பார்க்கப் பாவமாக.

துப்பாக்கிகளுக்கு சோர்ட்ஃபிஷ் கிற். ஏப்ரல் 5ஆம் திகதி சீனன்குடாவிலிருந்து ரத்மலானைக்குப் போன பிரித்தானியக் கடற்படையின் ஆறு சோர்ட்ஃபிஷ் விமானங்கள் வழியில் ஜப்பானியரிடம் அகப்பட்டு விழுந்தன. அதில் இருந்து எடுப்பதுதான் பொருத்தம் என்று எனக்குள் ஒரு நியாயம். ஒரு கிற்றில் ஒரு துப்பாக்கி, எனக்கு வேண்டியது ஆறு. கணக்கைப் பார்த்த மகள், "அப்பா, ஒரு பிளேன் செய்ய எத்தனை பிளேன் வாங்குவியள்?" என்று கேட்டாள். இப்படிக் கலந்து செய்வதற்கு ஆங்கிலத்தில் கிற்பாஷிங் என்று பெயர். கேட்டால் அடிதடி மாதிரி இருக்கிறது. நான் ஒட்டுமாங்கன்று என்று சொல்லிக்கொள்கிறேன்.

கற்றலினாவின் அழகு பின்விலாவில் இருக்கும் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள். காவலாளி அதற்குள் இருந்து கடலைப் பார்ப்பான். அங்கேதான் மடைத்தனம் செய்தேன். அவசரத்தில் சுப்பர் குளூவால் ஒட்டினேன். விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டு குமிழும் கண்புரை விழுந்த மாதிரி வெள்ளை. அந்தப் பசையின் ஆவி கண்ணாடிப் பிளாஸ்ரிக்கில் அப்படித்தான் படியும், தெரிந்தும் செய்தேன். வேறொரு பழைய கிற்றின் குமிழை வாங்கிப் பார்த்தேன், துவாரத்தை விடச் சிறிது.

வேறு வழியில்லை, நானே அச்சு செய்தேன். ஒரு துண்டு மரத்தை எடுத்து, அரைமுட்டை வடிவத்துக்கு, முன்னால் தள்ளி, தூக்கி, முன்னால் தள்ளி, தூக்கி. கடைசியில் அரத்தாள், அதற்குப் பிறகு நகத்தால் தடவிச் சரிபார்ப்பு. கேக் வந்த பெட்டியின் கண்ணாடி மூடியை வெட்டி, இரண்டு கிடுக்கியால் பிடித்து அடுப்புக்கு மேலே காட்டினேன். முதலில் நடுங்கும், பிறகு சுருங்கும், பிறகு தோசைமா மாதிரி தொய்யும். அந்த நேரம் பார்த்து அச்சின் மேல் இழுத்து அமத்த வேண்டும். ஒரு செக்கன் பிந்தினால் ஓட்டை.

"இஞ்சேருங்கோ, என்ன எரியுது?" என்று மேலே இருந்து சத்தம்.

"ஒண்டுமில்லை, கேக் பெட்டி."

ஒன்பதாவது மூடியில் வந்தது. இரண்டாவது குமிழுக்கு இன்னும் நாலு மூடி. அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் கேக் கொடுத்தோம்.

கரும்சாம்பலும் பச்சை கலந்த சாம்பலும் மேலே அடித்து, எழுத்துகளை மூன்று வேறு தாள்களிலிருந்து பொறுக்கி ஒட்டி, போன மாதம்தான் முடிந்தது. படம் எடுத்து எங்கள் வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டேன். மெல்பேர்னிலிருந்து கைதட்டல், லண்டனிலிருந்து ஒரு பெருவிரல். எண்ணெய்க் குதக்காரன், அவன் இப்போதும் திருகோணமலையில்தான், உடனே பதில் எழுதவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது.

"டேய், இந்த முறையாவது செட்டையைச் சரியாத்தான் ஒட்டினியோ?"

போனை வைத்துவிட்டுக் கீழே போய் லைற்றைப் போட்டு ஒருக்கால் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதினேன்.