அப்பா படத்துக்கு முன்னால் ஒரு பீர்

நான் செத்துப்போனதைப் பற்றி அலுவலகத்தில் பாட்டு எழுதி, என்னை எதிரே உட்காரவைத்தே வாசித்தார்கள். எலும்புக்கூட்டு உருவத்தில் மரணம் என்னைக் கூட்டிப்போக வருகிறாள். நானோ விடிய விடிய சென்னைக்காரர்களோடு மீட்டிங்கில் இருக்கிறேன். காத்திருந்து அலுத்துப்போனவள் என் டிபன் டப்பாவைத் திறந்து ஊறுகாயை வாயில் வைக்கிறாள். வைத்த வேகத்தில் லேப்டாப்போடு சேர்த்து என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். எதுகையெல்லாம் ஸ்பானிஷில் கச்சிதமாக விழுந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். ஆனால் அன்று முழுக்க நெஞ்சுக்குள் என்னவோ செய்தது.

இதற்குக் கலவெரிட்டா என்று பெயர். நவம்பர் தொடக்கத்தில் வரும் இறந்தோர் நாள் திருவிழாவை ஒட்டி, அக்டோபர் கடைசியில் மெக்சிகோ முழுக்க, உயிரோடிருப்பவர்களைச் சாகடித்துக் கேலிப்பாட்டு எழுதுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகள் அரசியல்வாதிகளை இப்படித்தான் கிழித்தன. அந்தத் தாள்களுக்கு எலும்புக்கூட்டுப் படங்கள் செதுக்கிக் கொடுத்தவர் ஹோசே குவாதலூப்பே போசாதா. பூ வைத்த பெரிய தொப்பியும் பல்லிளிப்புமாக இன்று எல்லாக் கடை வாசலிலும் நிற்கிற கத்ரீனா அவர் கைவேலையிலிருந்து வந்தவள்தான். பாட்டு எழுதப்பட்டால் நீ எங்கள் ஆள் என்று அர்த்தமாம். குவாதலஹாராவுக்கு வந்த புதிதில் எனக்கு யாரும் எழுதவில்லை. அப்போது அது நிம்மதியாக இருந்தது.

அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. "ஏட்டி, உசுரோட இருக்க பிள்ளைய செத்துட்டான்னு பாடுறவனுவகூட ஒனக்கு என்ன வேல? அந்தப் பேப்பரக் கிழிச்சுப் போடு மொதல்ல." மறுநாளே பனிமய மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தாள்.

அடுத்து ஒஃப்ரெந்தா, இறந்தவர்களுக்கான படையல். ரிசப்ஷனுக்குப் பக்கத்தில் படிப்படியாக மேசை போட்டு, வெட்டுத்தாள் தோரணம் கட்டி, அவரவர் வீட்டில் இறந்தவர்களின் படத்தை வைக்கச் சொன்னார்கள். தண்ணீர், உப்பு, மெழுகுதிரி, சர்க்கரையில் செய்த மண்டையோடு, எலும்பு மாதிரி மாவு ஒட்டிச் சுட்ட ரொட்டி. கோப்பால் என்று ஒரு பிசின் புகைந்தது, சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட தங்கை. வாசலிலிருந்து மேசை வரை கேந்திப்பூவை உதிர்த்துப் பாதை போட்டிருந்தார்கள், வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டுமாம். அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கொடுத்தேன். பாஸ்போர்ட்டே எடுக்காமல் போன மனிதர் அவர்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அப்பா முன்னால் ஒரு பாட்டில் பீர். எங்கள் பங்குக் கோயிலில் மதுவிலக்குக் கூட்டம் என்றால் முதல் ஆளாக மைக்கைப் பிடித்தவர் அவர். பீர் பாட்டிலும் அப்பாவும் ஒரே சட்டகத்தில் இருந்த காட்சியை வாழ்நாளில் மறக்க மாட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ஆபீசே சிரித்து உருண்டது. பாட்டிலைப் பக்கத்துத் தாத்தாவின் படத்துக்கு நகர்த்திவிட்டு, மேசையை அலங்கரித்த பெண் கேட்டாள்: "சரி, உங்கப்பாவுக்கு என்ன பிடிக்கும்?"

வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை.

அண்ணனுக்கு போன் போட்டேன். யோசிக்கவே இல்லை, "நெத்திலிக் கருவாடு" என்றான். பின்னாலிருந்து அம்மா குரல்: "அவுகளுக்குக் கருவாடே ஆகாது. நீங்க கொட்டிக்கிட்டிய, மிஞ்சுனத அவுக சாப்பிட்டாவ." மக்ரூன்? அது எங்களுக்காக வாங்கி வருவது, பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவாரே தவிர எடுத்து வாயில் போட்டு யாரும் பார்த்ததில்லை. புரோட்டா? நெஞ்செரிச்சல். கணவாய்? விலை. ஒரு மனிதர் அத்தனை வருஷம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், தட்டில் எது முதலில் காலியானது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆபீஸ் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீரும் வாழைப்பழமும் வைத்தேன். மதுவிலக்குக்கும் பாதகமில்லை.

இந்த எரிச்சலோடுதான் நவம்பர் 1 அன்று நண்பர்கள் காரில் மிச்சோவகான் மாநிலத்துக்குக் கிளம்பினேன். தலைநகரத்துப் பெரிய ஊர்வலத்துக்குப் போகலாம் என்று ஒரு கட்சி இருந்தது. காலகாலமாக நடப்பது என்று பலரும் நம்பும் அந்த ஊர்வலம் 2016-இல்தான் தொடங்கியது. முந்தைய வருஷம் ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் கற்பனையாக அப்படி ஒரு ஊர்வலத்தைக் காட்ட, சுற்றுலாக்காரர்கள் தேடி வந்து ஏமாறக் கூடாது என்று நிஜமாகவே நடத்திவிட்டார்கள். நல்ல வேளை, அந்தக் கட்சி தோற்றது. நாங்கள் போனது பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையிலிருக்கும் ட்சின்ட்சுன்ட்சான். ஸ்பானியர் வருமுன் புரேபெச்சா அரசின் தலைநகர், இன்று சின்ன ஊர். சாலைக்கு இரு பக்கமும் கல்லறைத் தோட்டம்.

நவம்பர் 2 எனக்கொன்றும் புதிதில்லை. கல்லறைத் திருநாளுக்கு நாலு நாள் முன்பே சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகப் போய், புல் செதுக்கி, வெள்ளையடித்து, பேர் எழுதிய இடத்தில் கறுப்பு மை தீட்டி வளர்ந்தவள்தான். சாயங்காலம் மாலை, மெழுகுதிரி, ஊதுபத்தி. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார், நம் வரிசை முடிந்ததும் 'நித்திய இளைப்பாற்றி' சொல்லிவிட்டு இருட்டுமுன் வீடு. ராத்திரி கல்லறையில் நிற்பதா? பொம்பளைப் பிள்ளையா?

இங்கே ராத்திரிதான் திருநாளே. முதல் தேதி குழந்தைகளுக்கு, இரண்டாம் தேதி பெரியவர்களுக்கு. குடும்பம் குடும்பமாகப் பாயும் கம்பளியும் கொண்டுவந்து கல்லறையைச் சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். தலைமாட்டில் கேந்திப்பூ வளைவு, அதில் ஆரஞ்சு, வாழை, ரொட்டிப் பொம்மைகள். பூவேலை செய்த துணி மூடிய கூடைகளில் சாப்பாடு. அவித்த சௌசௌகூட இருந்தது! அந்த நாட்டுக் காய்தான் அது. கேந்தியும் அப்படியே, இங்கே காடுமேடெல்லாம் முளைத்த பூ, போர்ச்சுக்கீசியர் கப்பலேறி நம் பக்கம் வந்தது. 1530-களில்தான் முத்துக்குளித்துறைப் பரதவருக்குப் போர்ச்சுக்கீசியர் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். இந்த ஏரிக்கரையில் பிரான்சிஸ்கன் துறவிகள் புரேபெச்சாக்களுக்குக் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். இரண்டு இடத்திலும் வலை வீசுகிற சனம். இவர்கள் மட்டும் சிலுவையையும் வாங்கிக்கொண்டு, செத்தவர்களின் சோற்றுக்கூடையையும் கீழே வைக்காமல் விட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் 2008-இல் ஏறிய விழா, கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாவின் முகத்துக்கு நேராக ஃப்ளாஷ் அடித்தான் ஒருவன். எனக்குத்தான் கோபம் வந்தது, அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுக்கும் ஒரு ரொட்டியைக் கொடுத்தாள்.

எங்களை அழைத்து உட்காரவைத்த கிழவி புருஷனோடு பேசிக்கொண்டே இருந்தாள். ஓடு மாற்ற வேண்டும், பேரன் படிப்பை விட்டுவிட்டான், நீ இருந்திருந்தால் நாலு சாத்து சாத்தியிருப்பாய். நடுநடுவே எங்களுக்கு விளக்கம்: இவருக்குச் சோள ரொட்டி ஓரம் கருகியிருக்க வேண்டும், வெங்காயம் கண்ணில் படக் கூடாது, கோழியில் கழுத்துத்தான் வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. செத்த மனிதர் மேல் பொறாமை, அதுவும் கோழிக்கழுத்துக்காக!

ஏரிக்காற்று எலும்பில் இறங்கிக்கொண்டிருந்தது. கிழவி மண்குவளையில் காப்பி ஊற்றித் தந்தாள். மண்பானையில் பட்டை தட்டிப்போட்டு, பிலொன்சியோ என்கிற கூம்பு வெல்லம் கரைத்துக் காய்ச்சியது. முதல் மடக்கு உள்ளே போனதும் நான் தூத்துக்குடியில் இருந்தேன். துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் அப்பா வருகிறார். யாரையும் எழுப்பாமல், உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி, சுக்கு நசுக்கி, தானே காப்பி போட்டு, அடுப்படியில் நின்றவாக்கில் குடிக்கிறார். பாயில் படுத்தபடி ஒற்றைக்கண்ணால் பார்க்கிறேன். கண்டுபிடித்துவிட்டேன்! கருப்பட்டிக் காப்பி!

இந்த ஊர் பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்பானிஷில் பேரம் பேசுகிறேன், கோபம்கூட ஸ்பானிஷில் வருகிறது. ஆனால் அந்தக் குளிரில் மணி என்ன என்று பார்த்தபோது, மனசு தானாகப் பதினொன்றரை மணி நேரம் கூட்டிக் கணக்குப் போட்டது. இங்கே விடியற்காலை ஐந்தரை என்றால் அங்கே சாயங்காலம் ஐந்து. சாமியார் தீர்த்தச் செம்போடு எங்கள் வரிசைக்கு வருகிற நேரம்.

அண்ணன் வீடியோவில் வந்தான். ஆள் வைத்து வெள்ளையடித்த அப்பா கல்லறை பளிச்சென்று இருந்தது. அம்மா போனைப் பிடுங்கினாள்.

"கல்லறையிலயா இருக்க? இந்நேரத்துலயா? தலையில துணியக் கட்டுட்டி, பனி எறங்கும்."

"அம்மா, அப்பாவுக்குக் கருப்பட்டிக் காப்பின்னா உயிர், இல்ல?"

"யாரு சொன்னா? ரேஷன் சீனி ஒங்களுக்கே பத்தாது. அப்பம் கருப்பட்டி வெல கம்மி. பிள்ளைய பால்ல சீனி போட்டுக் குடிக்கட்டும்னு அவுக அதக் குடிச்சாவ."

கிழவி என் குவளையை மறுபடி நிரப்பினாள்.

"அப்ப அவுகளுக்கு என்னதாம்மா பிடிக்கும்?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "சண்டை போடப் பிடிக்கும். அது கெடக்கட்டும், ஒன் பின்னால என்னது, கேந்தியா? அம்புட்டுமா? கிலோ என்ன வெல?"

"கிலோ இல்லம்மா, இங்க கட்டுக் கணக்கு."

"கட்டா? கட்டுல காம்புதான இருக்கும்? ஏமாத்துறானுவ. நிறுத்து வாங்குட்டி."