கணினிப் பதிவும் நோயாளியின் நலனும்: வேலூர்க் களத்தில் ஆய்வு செய்ய வருபவர்களுக்கு

மருத்துவத் தகவல் தொழில்நுட்பத்தின் ஏற்பையும் விளைவையும் பற்றி முதுநிலை அல்லது முனைவர் பட்ட ஆய்வு செய்ய முன்வருபவர்களுக்கு, வேலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதே பொருளில் ஆய்வை முடித்தவள் என்ற முறையில் நான் முதலில் சொல்ல விரும்புவது இது: ஊழியர் ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறாரா என்பது ஒரு கேள்வி, அதனால் நோயாளிக்கு நன்மை விளைந்ததா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு மட்டும் தரவு திரட்டிவிட்டு, முடிவுரையில் இரண்டாவதற்கும் விடை கண்டதாக எழுதுவதுதான் இத்துறை ஆய்வேடுகளில் நான் அதிகம் காணும் குறை.

வழிகாட்டிகள் பெரும்பாலும் பரிந்துரைப்பது, பிரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட தொழில்நுட்ப ஏற்பு மாதிரியையோ, வெங்கடேஷும் மற்ற மூவரும் 2003-இல் வெளியிட்ட, தொழில்நுட்ப ஏற்பையும் பயன்பாட்டையும் விளக்கும் ஒருங்கிணைந்த மாதிரியையோதான். ‘இது பயனுள்ளது’, ‘இது எளிது’ என்ற இரண்டு எண்ணங்கள் ஒருவரைப் பயன்பாட்டுக்குக் கொண்டுசெல்கின்றன என்பது டேவிஸின் அடிப்படை. விரும்பினால் பயன்படுத்தலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்ற நிலையில் இருப்பவரிடம் இக்கேள்விகளைக் கேட்பதில் பொருள் உண்டு. தமிழ்நாட்டிலோ, கர்ப்பிணி ஒருவர், தாய்சேய் விவரங்களைப் பதிந்து கண்காணிக்கும் அரசின் பிக்மி இணையதளத்தில் பதிவாகிப் பெறும் 12 இலக்க ஆர்சிஎச் (தாய்சேய் நலப் பதிவு) எண், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கப்படுகிறது. என்ட்ரி போடுவது அங்கே செவிலியரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. ‘வரும் மாதங்களிலும் இதைப் பயன்படுத்துவீர்களா?’ என்று கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்பதில்தான் டிக் செய்வார்கள். விடைகளில் வேறுபாடே இல்லாதபோது எந்தப் புள்ளியியல் சோதனை என்ன சொல்லிவிட முடியும்? 2003 மாதிரியில் தன்விருப்பம் ஒரு காரணியாகவே இடம்பெற்றிருக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே வினாத்தாளைச் சுருக்கி, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தைக் கூட்டுங்கள். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில், கர்ப்பிணியின் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றைக் கிராம சுகாதார செவிலியர் முதலில் தாய்சேய் அட்டையில் எழுதினார். பிறகு அதையே ரிஜிஸ்டரில் எழுதினார். சிக்னல் சரியாகக் கிடைக்காததால் கணினிப் பதிவை மாலையில் வீட்டுக்குப் போன பின், ரிஜிஸ்டரைப் பார்த்து ஏற்றினார். வினாத்தாளின்படி இவர் ‘தினமும் பயன்படுத்துபவர்’. ஆனால் ஹீமோகுளோபின் குறைவு என்று திரை காட்டும் நேரத்தில் அந்தப் பெண் எதிரில் இல்லை. பேருந்து பிடித்து ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். ஒரே தகவலை எத்தனை இடத்தில் எழுதுகிறார்கள், சேவை அளித்ததற்கும் பதிவேற்றியதற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்ற இரண்டையும் அளந்தாலே உங்கள் ஆய்வேட்டின் வலுவான அத்தியாயம் கிடைத்துவிடும்.

விளைவு என்பது மென்பொருளுக்குள் மட்டும் இல்லை என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. மருத்துவரின் ஆணைகளைக் கணினி வழியாகப் பதியும் முறை வந்தபின், பிற மருத்துவமனைகளிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளின் இறப்பு 2.80 விழுக்காட்டிலிருந்து 6.57 விழுக்காடாக உயர்ந்ததாக, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில் நடந்த ஆய்வு 2005-இல் தெரிவித்தது. குழந்தை வந்து சேர்ந்து பதிவாகும் வரை மருந்து ஆணையைப் போட முடியாமல் போனது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அதே நிறுவனத்தின் மென்பொருளை நிறுவிய சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையிலோ இறப்பு கூடவில்லை என 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்விரு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துவிட்டுத்தான் ஆய்வுத் திட்டத்தை எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

இனி, வேலூருக்கே உரிய சிக்கல்கள். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அதற்கு முந்தைய ‘வேலூர் மாவட்ட’ எண்ணிக்கையைப் பிந்தையதோடு ஒப்பிட்டால் பிரசவங்கள் திடீரெனக் குறைந்துவிட்டதுபோல் தோன்றும். உடனே அடுத்த ஆண்டே கொரோனாவும் வந்துவிட்டது. எனவே மாவட்ட அளவை விட்டு வட்டார அளவில் தரவைக் கேளுங்கள். மேலும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் பெண் குடியாத்தத்தில் பதிவாகிச் சித்தூரில் குழந்தை பெறக்கூடும். ஆந்திர எல்லையைத் தாண்டியவரின் பதிவு பாதியில் நின்றிருந்தால், அதைச் சிகிச்சையைக் கைவிட்டவர் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. செவிலியரிடம் பெயர் மறைத்த பட்டியலை எண்களோடு கொடுத்து, அவர் தம் ரிஜிஸ்டரோடு ஒத்துப்பார்த்துச் சொல்வதுதான் வழி. கணியம்பாடி வட்டாரத்தில் சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை பல்லாண்டுகளாகப் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிந்துவருகிறது. அங்கே ஊர்ப் பணியாளர் தரும் தகவலை அடுத்தடுத்த நிலைகளில் இருப்பவர்கள் சரிபார்க்கும் முறை எனக்குப் பெரிய பாடம். கணினி அதற்குப் பின்னால்தான் வருகிறது.

அனுமதிகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை: நெறிமுறைக் குழு, பொது சுகாதாரத் துறை ஆகிய இரண்டுக்கும் விண்ணப்பத்தைச் சேர்த்தே தயாரியுங்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்மொழித் தேர்வில், ‘கணினி வராமலிருந்தாலும் இந்த முன்னேற்றம் நடந்திருக்காதா?’ என்ற கேள்வி வந்தே தீரும். முன்பு, பின்பு என்று ஒரே இடத்தை ஒப்பிட்டவரால் இதற்கு விடை சொல்ல முடியாது. புதிய வசதி எல்லா வட்டாரங்களுக்கும் ஒரே நாளில் போகாவிட்டால் அதுவே உங்கள் வாய்ப்பு: முதலில் பெற்ற நிலையங்களையும் இன்னும் பெறாதவற்றையும் அதே மாதங்களில் அருகருகே வைத்து ஒப்பிடலாம். அதற்கு, எந்த நிலையத்தில் எந்தத் தேதியில் பயன்பாடு தொடங்கியது என்பதை அலுவலகக் கடிதத்தின்படி அல்லாமல், அந்த நிலையத்தின் முதல் என்ட்ரியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.