கவுன்சலிங் முதுகலை சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் மனநல ஆலோசனை படிக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது எந்தக் கல்லூரி, எவ்வளவு கட்டணம் என்பதைத்தான். அவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு வருடத்தில் மாணவரை உண்மையான ஆட்களுக்கு எதிரே எத்தனை மணி நேரம் உட்கார வைப்பார்கள்? உட்கார்ந்து பேசியதை வாரா வாரம் கேட்டுத் திருத்த யார் இருக்கிறார்? இதற்குத் தெளிவான பதில் தராத துறையில் எவ்வளவு நல்ல பாடத்திட்டம் இருந்தாலும் சேர யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

பட்டத்தின் பெயரால் வரும் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். மருந்து எழுதும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே. அவர்களில் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர்தான் மனநல மருத்துவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் வேண்டும். எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்த கையோடு அந்தப் பெயரில் போர்டு மாட்டக் கூடாது. பல காலமாக அதற்கான வழி எம்.எஸ்சி.க்குப் பின் இரண்டு வருட எம்.ஃபில். ஆக இருந்தது. புதிய கல்விக் கொள்கை எம்.ஃபில்.லை நிறுத்தச் சொன்ன பிறகு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்யாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் (மனநலச் சமூகப்பணி) மட்டும் 2025-26 வரை சேர்க்கை நடத்த யு.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. ஆகவே மூத்த மாணவர்கள் போன வழி உங்களுக்கும் திறந்திருக்கும் என்று நம்பிச் சேர வேண்டாம். கவுன்சலர்களைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் நடத்தைசார் மனநலப் பணியாளர் என்ற பிரிவில் அவர்களைச் சேர்த்திருக்கிறது.

அஞ்சல்வழிப் படிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வசதி என்று இந்தப் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் உளவியல் படித்தார்கள். மேலே சொன்ன 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தடுத்துவிட்டது. உளவியலும் அந்தப் பட்டியலில் உண்டு. இனியும் யாராவது 'வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி' என்று விளம்பரம் செய்தால் பணம் கட்டாதீர்கள்.

நேரடிப் படிப்புக்கு அருகிலேயே இடம் இருக்கிறது. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு உளவியல் துறை, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக உளவியல் துறை. புதுவைக்கு வழி தேசியத் தேர்வு முகமையின் முதுகலை நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி. அதில் 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் என்பதால் தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் விடை தட்டினாலும் சராசரியில் நஷ்டம் வராது. இதில் வருடா வருடம் சிலர் கோட்டைவிடுவது தேர்வு முடிந்த பிறகு. நுழைவுத் தேர்வு எழுதினால் மட்டும் போதாது, பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் நல்ல மதிப்பெண்ணும் பயன்படாது. இளங்கலையில் உளவியல் படிக்காதவர்கள் தகுதிப் பகுதியை அந்த வருடத்துக் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் படிப்பு. ஆளுமைக் கோட்பாடுகள், புள்ளியியல், ஆய்வு முறை, மனநோய்க் கூறுகள் இவையெல்லாம் எங்கும் இருக்கும். புத்தகத்தைப் பார்த்துப் படித்துவிடலாம். புத்தகத்தால் வராதது அறைக்குள் பேசும் திறன். எதிரில் இருப்பவர் சொன்னதை நம் வார்த்தையில் சுருக்கிச் சொல்வது, அவர் சொல்லாமல் விட்ட உணர்வைப் பெயர் சொல்லித் தொடுவது, ஆம்-இல்லை என்று முடியாத கேள்வி கேட்பது, பேசாமல் இருக்கும் பத்து வினாடியைத் தாங்குவது. முதல் செமஸ்டரில் வகுப்புத் தோழர்களையே வைத்துப் பழகுவார்கள். பிறகு அனுமதி வாங்கி ஒலிப்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுதி, ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் அது என்ன வகைப் பதில் என்று குறிக்க வேண்டும். ஒரு அமர்வை அப்படி எழுத அரை நாள் போகும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்யவைக்கும் ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அந்தக் காகிதத்தில் தவறாமல் அகப்படும் பிழை அறிவுரை. நம் ஊரில் ஒருவர் கஷ்டம் சொன்னால் உடனே வழி சொல்வது மரியாதை, அன்பு. அந்தப் பழக்கத்தோடு வந்த மாணவர் மூன்றாவது நிமிடத்திலேயே 'நீங்க பேசாம யோகா பண்ணுங்க' என்று முடித்துவிடுவார். வந்தவர் தலையாட்டிவிட்டுப் போவார், அடுத்த முறை வரமாட்டார். இரண்டாவது பிழை, உடம்பைப் பற்றிச் சொல்வதைத் தாண்டிக் குதிப்பது. இங்கே வருபவர்கள் முதலில் சொல்வது நெஞ்சு படபடப்பு, தலை பாரம், தூக்கம் வரலை, கை கால் அசதி என்றுதான். அதை முழுதாகக் கேட்ட பிறகே வீட்டுச் சங்கதி வெளியே வரும். மேலும் தைராய்டு குறைபாடும் ரத்த சோகையும் மனச்சோர்வு மாதிரியே தெரியும். ரத்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்காமல் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பது வந்தவருக்குச் செய்யும் அநியாயம்.

அளவுகோல்களில் முதலில் கைக்கு வருவது மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ.-9 என்ற கேள்விப் படிவம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கூடுதல் கவனம் தேவை. இது வடிகட்டும் கருவி, நோயை உறுதி செய்வதில்லை. ஒன்பதாவது கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் 6 வந்தாலும் ஒன்பதாவதில் 1 இருந்தால் அன்றைக்கே விசாரிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டும்போது அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும், சொந்த வாக்கியத்தில் மாற்றினால் மதிப்பெண்ணுக்குப் பொருள் இல்லை. மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒன்பதாவதுக்கு 'அதெல்லாம் இல்லைங்க' என்றுதான் பதில் வரும். 'அம்மா, ஒரு பத்து நிமிஷம் வெளியே உட்காருங்க, அப்புறம் உங்ககிட்டேயும் பேசறேன்' என்று சொல்லப் பழகுவதும் பயிற்சியில் ஒரு பகுதி.

தற்கொலை எண்ணத்தைப் பற்றி இந்தப் பகுதியில் படிக்கும் மாணவர் மற்றவர்களைவிட ஆழமாகப் படிக்க வேண்டும். புதுச்சேரியின் தற்கொலை விகிதம் பல ஆண்டுகளாகவே தேசிய சராசரியைவிட உயரம். நேரடியாகக் கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை, கேட்பது விதைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்ட பிறகு வந்தவரோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுத வேண்டும்: எண்ணம் தலைதூக்கும் அறிகுறிகள், தனியாகச் செய்து சமாளிக்கக்கூடியவை, மனத்தைத் திருப்பப் போகக்கூடிய இடமும் ஆட்களும், உதவி கேட்கக்கூடிய உறவு, கூப்பிட வேண்டிய மருத்துவமனையும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-உம், கடைசியாக வீட்டில் ஆபத்தான பொருளை அப்புறப்படுத்துவது. அந்தக் கடைசி வரியைத்தான் மாணவர்கள் சடங்காக எழுதிவிட்டுப் போவார்கள். விவசாயக் குடும்பத்தில் அதற்கு அர்த்தம் பூச்சிமருந்து. மருந்தை வீட்டுக்கு வெளியே பொதுவான பூட்டிய பெட்டியில் வைக்கும் முயற்சியை காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் செய்து பார்த்து 2013இல் ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்து வேலை அது, வகுப்பில் சொல்லாவிட்டாலும் தேடிப் படியுங்கள். காவல்துறை வழக்கு வரும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்களும் உண்டு. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்வதை அவர்களுக்கு எளிமையாக எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

அடுத்து குடி. பெரும்பாலும் மனைவிதான் வருவார், குடிப்பவர் வரமாட்டார். வரவே வராதவரை மாற்றுவதாக வாக்குக் கொடுக்காமல், வந்திருப்பவரின் தூக்கம், பாதுகாப்பு, பிள்ளைகள், பணம் இவற்றில் வேலையைத் தொடங்க வேண்டும். குடிப்பவரே வந்துவிட்டால் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் உதவும், 8 அல்லது அதற்கு மேல் வந்தால் கவலைக்குரியது. பல வருடமாகத் தினமும் குடிப்பவரிடம் 'இன்னியிலிருந்து தொடாதீங்க' என்று சொல்லி அனுப்புவது மிக ஆபத்தானது. திடீரென நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பின் உளறலும் நடுக்கமுமாக உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவர், பிறகுதான் கவுன்சலிங்.

ரகசியம் காப்பதன் எல்லையை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. காதல்தான் என்று 17 வயதுப் பெண் சொன்னாலும் சட்டம் அதே சட்டம். எல்லையைச் சொல்லாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பிறகு புகார் செய்தால், அந்தப் பிள்ளை இனி எந்தப் பெரியவரையும் நம்பாது.

சின்ன ஊரின் சிக்கலைப் பெருநகரத்துக்காக எழுதிய புத்தகம் சொல்லித் தராது. வருபவர் உங்கள் சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார், கோயில் திருவிழாவில் எதிரே வருவார். 'வெளியே பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன், நீங்கள் பேசினால் பேசுவேன்' என்று முன்பே சொல்லி வைத்தால் சங்கடம் குறையும். நெருங்கிய உறவு என்றால் வேறொருவரிடம் அனுப்ப வேண்டும். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் தூக்கிக்கொண்டு வந்தால் முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதும் சரியல்ல. துறையில் எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, மேற்பார்வையாளரிடம் சொல்லிக் குறிப்பில் எழுதிவிட வேண்டும்.

ஆய்வேட்டுக்கு மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே தலைப்பை முடிவு செய்யுங்கள். நெறிக்குழு அனுமதிக்கே வாரங்கள் ஓடும்.

படித்து முடித்தவர்களுக்கு வேலை இருக்கும் இடங்கள் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்கள், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர், குடும்ப நீதிமன்றம், போதை மறுவாழ்வு மையங்கள், தனியார் பள்ளிகள். அரசு சார்ந்தவற்றில் பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவர்களும் அதே பணிகளுக்கு வருவார்கள், எனவே விளம்பரத்தில் எந்தப் பட்டத்தைக் கேட்கிறார்கள் என்று சேரும் முன்பே நாலைந்து பழைய அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். சேர்ந்த பிறகு சம்பளத்தில் ஒரு சிறு பகுதியை மாதம் இரண்டு முறை மேற்பார்வைக்கு ஒதுக்குங்கள். பள்ளியில் ஒரே கவுன்சலராக இருப்பவருக்கு இது கட்டாயம், ஏனென்றால் அங்கே அவர் தவறு செய்தால் சுட்டிக்காட்ட வேறு ஆள் கிடையாது.