பின்னால் நின்று பார்க்க வேண்டிய குதிகால்

மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் நான், முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் வீடுகளுக்குச் சென்று பயிற்சி கொடுத்து வருகிறேன். தொடக்க ஆண்டுகளில் என் குறிப்பேட்டில் இரண்டே எண்கள்தான் இருக்கும்: முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, நீட்டும்போது எத்தனை டிகிரி குறைகிறது. மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பார்த்த ஓர் அம்மாவுக்குப் பிறகுதான் பாதத்தைப் பற்றியும் எழுதத் தொடங்கினேன்.

நாற்று நடவிலும் களையெடுப்பிலும் வாழ்நாளைக் கழித்தவர் அவர். வில்லாய் வளைந்திருந்த வலது கால், அறுவை சிகிச்சைக்குப் பின் கோடு போட்டதுபோல் நேராகியிருந்தது. ஆறாவது வாரத்தில் முழங்கால் 110 டிகிரி மடங்கியதும் நான் மனநிறைவோடு விடைபெற்றேன். மூன்றாம் மாதம் தொலைபேசியில் அழைத்தார். "முட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி, கரண்டைக்கு வெளிப்பக்கம்தான் நடந்தா குத்துது" என்றார். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டேன். பார்க்காமலே சொன்ன அந்தப் பதிலுக்காக இன்றும் வருந்துகிறேன்.

இரண்டு வாரம் கழித்துச் சென்றபோது, திண்ணையோரம் கிடந்த அவருடைய வலது செருப்பில் குதிகாலின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டேன். அன்றுதான் முதன்முறையாக அவரை நிற்க வைத்துப் பின்னாலிருந்து பார்த்தேன். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நேராக இறங்கிய கால், அதற்குக் கீழே குதிகாலில் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது.

முழங்கால் வெளியே வளையும்போது கணைக்காலின் கீழ்முனை உள்நோக்கிச் சாய்கிறது. பாதம் அதனுடன் அப்படியே சாய்ந்தால் வெளிவிளிம்பு மட்டுமே தரையில் படும். பாதம் முழுவதும் படிவதற்காக, கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டு குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பிக் கொடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் முழங்காலின் கோணலை இப்படிப் பாதம் சுமந்திருக்க, அறுவை சிகிச்சை மேலேயுள்ள கோணலை ஓரிரு மணி நேரத்தில் நீக்கிவிடுகிறது. கீழ்மூட்டு இளக்கமாக இருந்தால் குதிகாலும் பெரும்பாலும் நேர்நிலைக்குத் திரும்பும். அது இறுகிப்போயிருந்தால் பழைய சாய்விலேயே நின்றுவிடுகிறது. எடை உள்விளிம்பில் இறங்க, உள்வளைவு தாழ்கிறது, வெளிக்கரண்டைக்குக் கீழே எலும்புகள் நெருங்கி வலிக்கிறது.

இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எடுக்கும் நீள எக்ஸ்ரேயில், தொடை எலும்பின் தலையிலிருந்து கணுக்காலின் நடுப்பகுதிக்குக் கோடு வரைந்துதான் கால் நேராக இருக்கிறதா என்று அளக்கிறார்கள். அந்த அம்மாவின் படத்தில் அந்தக் கோடு குறையின்றி இருந்தது. ஆனால் உடம்பின் எடை தரையைத் தொடும் இடம் குதிகால். அது அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது.

கெண்டைத்தசையை நீட்டும் பயிற்சியும், ரப்பர் பட்டையை எதிர்த்துப் பாதத்தை உள்நோக்கித் திருப்பும் பயிற்சியும் கொடுத்தேன். அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, உள்வளைவைத் தாங்கும் செருப்பும் செய்து வாங்கினோம். செருப்புக்குள் வைக்கும் தாங்கல் நம் ஊரில் பாதி நேரம்தான் உதவும் என்பதைப் புத்தகம் எனக்குச் சொல்லித்தரவில்லை. வீட்டுக்குள் வெறுங்கால், களத்துமேட்டில் வெறுங்கால், மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியின் கல்தரையிலும் வெறுங்கால். அதனால் வீட்டுக்குள் மட்டும் அணிய இன்னொரு ஜோடி செய்து கொடுத்து, அடுப்படிவரை போட்டு நடக்கச் சம்மதிக்க வைக்கப் பல நாள் பேச வேண்டியிருந்தது. வலி வெகுவாகக் குறைந்தது; முற்றிலும் நீங்கவில்லை.

இப்போது அறுவை சிகிச்சைக்கு முன்பே பார்க்கக் கிடைக்கும் ஒவ்வொருவரையும், சுவரைப் பிடித்துக்கொண்டு முடிந்தவரை நுனிக்காலில் உயரச் சொல்லிப் பின்னால் நிற்கிறேன். எழும்பும்போது குதிகால் உள்நோக்கித் திரும்பினால் மூட்டு இளக்கமாக இருக்கிறது என்று எழுதுகிறேன். திரும்பாவிட்டாலோ, வலியால் எழும்பவே முடியாவிட்டாலோ, குதிகாலைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்து, மருத்துவருக்கு அனுப்பும் குறிப்பின் முதல் வரியில் அதைச் சேர்க்கிறேன்.