திறன் வகுப்பறையில் பாடம் எங்கே நின்றுபோகிறது?

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடு 2018-லேயே வந்துவிட்டது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி, 2024-இல் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன் வகுப்பறையும் (ஸ்மார்ட் கிளாஸ்) ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும். இவ்வளவு வந்தும் ஆசிரியர்கள் பழகவில்லையே என்று அங்கலாய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. செயலியைத் திறக்கத் தெரியாததால் வகுப்பு நிற்பது குறைவு. எழுத்துருவில் நிற்கிறது, கேபிளில் நிற்கிறது, கடைசி பெஞ்சுக்குத் தெரியாத எழுத்தில் நிற்கிறது, இணையம் போனதும் நிற்கிறது. இவற்றைத் தீர்க்கத் தெரிந்துவிட்டால் மீதியை நம் ஆசிரியர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் எழுத்துரு. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த வினாத்தாள்கள், குறிப்புகள் எல்லாம் பெரும்பாலும் பாமினி, வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்தக் கோப்பை வகுப்பறைக் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். காரணம் எளியது. பாமினியில் ‘அம்மா’ என்று தட்டினால் கோப்புக்குள் பதிவாவது தமிழ் அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கும் துணைக்குறிகளுக்கும் தனித்தனி எண் இருப்பதால் எந்தக் கணினியிலும் தமிழாகவே நிற்கும். 2010-இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் பழைய கோப்புகள்தான் இன்னும் மாறவில்லை.

மாற்றுவதற்கு இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மூன்று இடங்களில் கவனம் வேண்டும். மூல எழுத்துரு எது என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்; வானவில் கோப்பைப் பாமினி என்று கொடுத்தால் வேறு விதமான குப்பை வரும். அடுத்து, முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றக் கூடாது. இடையில் இருக்கும் ஆங்கிலச் சொற்களும் வேதிக் குறியீடுகளும் சமன்பாடுகளும் சேர்ந்து தமிழாகிச் சிதைந்துவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் பிடித்துப் பிடித்து மாற்றுங்கள்.

மூன்றாவதுதான் பலர் கண்ணில் படாதது. பழைய எழுத்துருக்களில் ரகரமும் துணைக்காலும் (ா) ஏறக்குறைய ஒரே உருவம். தட்டச்சர்கள் ‘அவர்’ என்பதில் ரகரத்துக்குப் பதில் காலைப் போட்டு மேலே புள்ளி வைத்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மாற்றிய பிறகு ‘ஆசிரியர்’ என்று தேடினால் அந்த இடங்கள் அகப்படாது, எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானும் தடுமாறும். ‘கண்டுபிடித்து மாற்று’ வசதியில், கால் குறியும் புள்ளியும் சேர்ந்த இணையை நகலெடுத்து ஒட்டி, எல்லாவற்றையும் ‘ர்’ ஆக மாற்றிவிடுங்கள். தமிழில் காலுக்கு மேல் புள்ளி வர வாய்ப்பே இல்லை என்பதால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ‘ஔ’ என்பதையும் பலர் ஒ, ள என இரண்டாகத் தட்டியிருப்பார்கள்; அதை மட்டும் நேரில் பார்த்துத்தான் திருத்த வேண்டும். ஒகரமும் ளகரமும் பக்கத்தில் பக்கத்தில் வருவதெல்லாம் ஔ ஆகிவிடாது.

புதிதாகத் தட்டப் போகிறவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையைத்தான் சொல்வேன். உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். ‘தம்பி’க்கு த, ம, ப, இ என்று நான்கே விசை, மகரத்தின் மேல் புள்ளி தானாக விழும். ‘பக்கம்’ என்றால் ப, க, க, ம, புள்ளி. இரட்டிக்கும் மெய்யிலும், ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகளிலும் புள்ளியை அதுவே பார்த்துக்கொள்கிறது. ‘மமதை’ போன்ற சொல்லில் அப்படிப் புள்ளி விழக் கூடாது. அங்கே முதல் மகரத்துக்குப் பின் ஒரு அகரம் தட்டினால் போதும்.

இனித் திரை. மடிக்கணினியைத் தொடுதிரைப் பலகையோடு எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்ததும் படமும் ஒலியும் வந்துவிடும், ஆனால் தொட்டால் அசையாது. பலகை பழுது என்று புகார் போய்விடும். தொடுகைக்குத் தனியாக ஒரு யுஎஸ்பி கேபிள் பலகையிலிருந்து கணினிக்கு வர வேண்டும். எச்டிஎம்ஐ தொடுகையைத் திருப்பி அனுப்பாது. படமே வராவிட்டால் விண்டோஸ் விசையோடு ‘பி’ அழுத்தி ‘நகல்’ (Duplicate) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

யாரும் தொடாமலே கோடு விழுகிறது, பக்கம் தானாகப் புரள்கிறது என்பது அடுத்த புகார். நம் வகுப்பறைகளுக்கு வரும் தொடுதிரைகளில் பல அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்பவை. சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து கதிர் புறப்பட்டு எதிர்ப்பக்கம் சேர்கிறது; விரல் எங்கே அதை மறிக்கிறதோ அங்கே தொட்டதாகக் கணக்கு. விரல்தான் என்றில்லை. சட்டத்தின் உள்விளிம்பில் படிந்த சாக்பீஸ் தூள், கீழ் விளிம்பில் சாய்த்து வைத்த டஸ்டர், ஒட்டிய ஸ்டிக்கரின் பிசிர், எழுதும்போது உரசும் சேலைத் தலைப்பு, எல்லாமே விரல்தான். சன்னல் வெயில் நேராக விழுந்தாலும் இதே கூத்து நடக்கும். பலகையை அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய துணியால் நான்கு உள்விளிம்புகளையும் மூலைகளோடு சேர்த்துத் துடையுங்கள். கரும்பலகையும் தொடுதிரையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அறையில் இது வாரம் ஒருமுறை வேலை. விளக்கு வைத்த புரொஜெக்டர் உள்ள பள்ளிகளில் அதே தூள் காற்று வடிகட்டியை அடைத்துச் சூடேற்றி, பாடத்தின் நடுவில் அணைத்துவிடும். அணைத்த பிறகும் விசிறி நிற்கும்வரை மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது.

எழுத்தின் அளவைப் பற்றிக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 அங்குலத் திரையின் உயரம் சுமார் 32 அங்குலம். பவர்பாயின்ட் பக்கத்தின் உயரம் 540 புள்ளி (எழுத்தளவைக் குறிக்கும் ‘பாயின்ட்’). 32 புள்ளியில் தட்டிய வரி திரையில் ஏறக்குறைய 1.9 அங்குல உயரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் மேலே வரும் ‘ி’, ‘ீ’ குறிகளுக்கும் மெய்யின் புள்ளிக்கும் இடம் போக, ‘க’ என்ற எழுத்தின் உடம்பு ஒரு அங்குலத்தை ஒட்டித்தான் நிற்கும். 18 புள்ளியில் அது அரை அங்குலம். பதினெட்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அரை அங்குலத்தில் னகரத்தின் சுழியும் ணகரத்தின் சுழியும் ஒன்றாகத்தான் தெரியும். ஆகவே 32-க்குக் கீழே போக வேண்டாம். ஒரு பக்கத்தில் ஆறு வரி போதும். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை கிடையாது.

பலகையிலேயே உள்ள ஆண்ட்ராய்டில் பவர்பாயின்ட் கோப்பைத் திறந்தால் எழுத்துரு மாறி வரி உடையும். அசைவூட்டம் தேவைப்படாத பாடங்களைப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோனால் அந்தத் தொல்லை இல்லை. காணொளியில் ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால், கோப்பு எச்.265 முறையில் சுருக்கப்பட்டதாக இருக்கலாம், எச்.264 எம்பி4 ஆக மாற்றினால் ஓடும். பென் டிரைவையே பலகை கண்டுகொள்ளவில்லை என்றால் அதை ஃபேட்32 முறைக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை அந்த முறை ஏற்காது.

இணையத்தை நம்பி வகுப்புக்குள் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முந்தைய நாளே இறக்கி வைத்தது மட்டும்தான் பாடத் திட்டத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஃபெட் (PhET) உருவகங்களைப் போல, அதாவது திரையில் இயக்கிப் பார்க்கும் அந்த அறிவியல் சோதனை மாதிரிகளைப் போல, ஒத்துழைப்பவை குறைவு. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இது. ஒவ்வொரு உருவகமும் ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும். பென் டிரைவில் போட்டு எந்த உலாவியிலும் இணையமின்றித் திறக்கலாம். பணமும் வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலுக்கு அதிலுள்ள நேர்த்திசை மின்சுற்று உருவகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் மின்கல அடுக்கு 9 வோல்ட், விளக்கின் மின்தடை 10 ஓம். ஒரு விளக்கை இணைத்து அம்மீட்டர் வையுங்கள்: 0.9 ஆம்பியர். இப்போது கையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டுக் கேளுங்கள்: “இன்னொரு விளக்கைத் தொடரில் இணைத்தால் வெளிச்சம் என்ன ஆகும்? நோட்டில் எழுதுங்கள்.” எல்லாரும் எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாடவேளையின் விலைமதிப்பான இரண்டு நிமிடம் இதுதான். முதல் விளக்கு பிரகாசமாகவும் இரண்டாவது மங்கலாகவும் எரியும் என்று சிலர் எழுதுவார்கள். மின்னோட்டம் வழியில் செலவாகிவிடுகிறது என்பது அவர்கள் எண்ணம். இரண்டும் பாதி வெளிச்சம் என்று சிலர் எழுதுவார்கள்.

பிறகு இணையுங்கள். அம்மீட்டரை எங்கே நகர்த்தினாலும் 0.45 ஆம்பியர்தான். முதல் எண்ணம் அங்கேயே விழுந்துவிடும். இரண்டாவதற்குக் கரும்பலகை வேண்டும். வெளிச்சத்துக்குக் காரணமான மின்திறனைக் கணக்கிடுங்கள்: முன்பு 9 வோல்ட்டை 0.9-ஆல் பெருக்க 8.1 வாட். இப்போது ஒவ்வொரு விளக்குக்கும் 4.5 வோல்ட், 0.45 ஆம்பியர், பெருக்கினால் 2 வாட்டைச் சற்றே தாண்டும். மின்திறன் பாதியாகவில்லை, காலாகிவிட்டது. பக்க இணைப்பில் விளக்குக்கு 0.9, மொத்தம் 1.8 ஆம்பியர். எண்களைத் திரை காட்டட்டும். பெருக்கலைப் பிள்ளைகள் கையால் செய்யட்டும். இரண்டையும் திரையே செய்தால் அவர்கள் பார்வையாளர்களாகிவிடுவார்கள்.

அதோடு நிறுத்தாமல் நிஜமான டார்ச் பல்பையும் மின்கலத்தையும் மேசையில் வைக்க வேண்டும். விடைகள் கொஞ்சம் விலகும், அந்த விலகலே பாடம். டங்ஸ்டன் இழை குளிர்ந்தால் மின்தடை குறையும். எனவே தொடரிணைப்பில் மின்னோட்டம் சரிபாதியைவிட அதிகமாகவே இருக்கும். பக்க இணைப்பில் இரண்டு பல்பும் லேசாக மங்குவது மின்கலத்தின் அகமின்தடையால். உருவகத்தின் மேம்பட்ட அமைப்பில் அந்த அகமின்தடையை 1 ஓம் என்று வைத்துப் பாருங்கள்: தனி விளக்கில் ஏறக்குறைய 0.82 ஆம்பியர், பக்க இணைப்பில் விளக்கு ஒன்றுக்கு 0.75. மேசையில் கண்ட மங்கல் திரையிலும் வந்துவிடும்.

கணக்கு ஆசிரியர்களுக்கு ஜியோஜீப்ரா இதே மாதிரி உதவும். பாடநூலின் ‘இணையச் செயல்பாடு’ பகுதிகளில் பல அதில் செய்யப்பட்டவைதான். மென்பொருளை நிறுவிவிட்டு, பணித்தாள்களைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு வேறு சிக்கல். பெரியவர்கள் நின்று எழுதும் உயரத்தில் பலகையை மாட்டிவிடுகிறார்கள். ஆறு வயதுக் குழந்தையின் கை கீழ்ப்பாதியைத் தாண்டாது. இழுத்துப் பொருத்தும் படங்கள், தொட வேண்டிய எழுத்துகள் எல்லாம் பக்கத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்கும்படி அமையுங்கள். மேலே பார்ப்பதற்கான படம் மட்டும். நாற்காலி போட்டு ஏற்றிவிடுவது ஆபத்து.

செய்து முடித்தவற்றைப் பள்ளிக் கணினியில் வகுப்பு, பாடம், அலகு என்ற வரிசையில் பெயரிட்டு வையுங்கள்: ‘10-அறிவியல்-04-தொடரிணைப்பு’ என்பதைப் போல. அலகு எண்ணை 4 என்று போடாமல் 04 என்று போட்டால், பல மென்பொருள்களில் வரும் 1, 10, 11, 2 என்ற குழப்ப வரிசை வராது. ஒவ்வொரு பாடத்துக்கும் திருத்தக்கூடிய மூலக் கோப்பு ஒன்று, பிடிஎஃப் ஒன்று, இறக்கிய உருவகம் ஒன்று. மூன்றும் ஒரே அடைவில் இருக்கட்டும். மாறுதலில் போகும்போது பென் டிரைவோடு எல்லாம் போய்விட்டால், அடுத்து வருபவர் மறுபடி பாமினியை மாற்றுவதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.