லிஃப்டுக்குள் ஒரு ஃபோர்க்லிஃப்ட்

பழைய கேம் ஓடவில்லை என்றால் 'கம்பாட்டிபிலிட்டி மோடில் போட்டுப் பார்' என்பார்கள், அதாவது விண்டோஸைப் பழைய விண்டோஸ் போல நடந்துகொள்ளச் சொல்வது. என்னிடம் இருக்கும் கிரிம் ஃபாண்டாங்கோ சிடிக்கு அது எடுபடாது. 1998இல் லூகாஸ்ஆர்ட்ஸ் வெளியிட்ட, டிம் ஷேஃபரின் கேம். கேம் என்னவோ 32 பிட்தான். அதை இன்ஸ்டால் செய்யும் செட்டப் அதைவிடப் பழைய ரகம், 16 பிட். இப்போதைய 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"ரீமாஸ்டர்டுதான் விக்குதே, வாங்கிட்டுப் போயேன்" என்கிறான் தம்பி. 2015இல் வந்த அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் வீடு காலி செய்தபோது பெட்டியோடு கொடுத்த சிடி இது. அலமாரியில் சும்மா கிடக்க வேண்டுமா?

வழி, ஸ்கம்விஎம். கேமின் சொந்த புரோகிராமை ஓரங்கட்டிவிட்டு, அதன் டேட்டாவை மட்டும் படித்துத் தானே கேமை நடத்தும் இலவச மென்பொருள். 2001இல் தொடங்கியது. 1987இல் வந்த மேனியாக் மேன்ஷன் கேமுக்காக லூகாஸ் ஆட்கள் 'ஸ்கம்' என்ற எஞ்சினை, அதாவது கேமை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருளை, உருவாக்கினார்கள். அதில் ஓடும் கேம்களுக்காகத்தான் முதலில் இது. கிரிம் ஃபாண்டாங்கோ முப்பரிமாணம், எஞ்சினே வேறு. அதற்காகத் தனியாக ரெசிடுவல்விஎம் என்று ஒன்று இருந்தது. 2020இல் அதை ஸ்கம்விஎம்மோடு சேர்த்துவிட்டார்கள்.

வேலை சுலபம். யுஎஸ்பி சிடி டிரைவைச் செருகி, இரண்டு சிடியிலும் உள்ள, கேமின் டேட்டா இருக்கும் .லேப் கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போட்டேன். கேமுக்குப் பிற்பாடு வந்த அப்டேட் கோப்பையும் அதே ஃபோல்டரில் வைத்து, 'ஆட் கேம்' கொடுத்தேன். செட்டப் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு இருந்த ஒரே பயம் லிஃப்ட். ருபகாவா ஊரில் நடக்கும் இரண்டாம் ஆண்டுக் கதையில், கதாநாயகன் மேனி ஒரு ஃபோர்க்லிஃப்டை, அதாவது சரக்கு தூக்கும் வண்டியை, லிஃப்டுக்குள் ஓட்டி வர வேண்டும். லிஃப்ட் நகரும்போது இரண்டு தளங்களுக்கு நடுவே ஒரு ரகசிய வழி கண்ணில் படும். அந்த நொடியில் வண்டியை முன்னால் செலுத்தி, அதன் இரும்புக் கைகளை அந்தச் சந்தில் கொடுத்து லிஃப்டை நிறுத்த வேண்டும். கேம் வந்த காலத்துக் கணினியில் இதற்கு அவகாசம் கிடைக்கும். பின்னால் வந்த வேகமான பிராசஸர்களில் லிஃப்ட் சரேலென்று போய்விடும், கையை எங்கே கொடுப்பது? கணினி மட்டமானது என்பதால் கேம் ஓடாமல் போவது ஒரு ரகம். கணினி ரொம்ப நன்றாக இருப்பதால் மாட்டிக்கொண்டு நிற்பது இந்த ரகம். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து கேம்களிலும் இதே கூத்து உண்டு. அங்கே, அந்த கேம்களை ஓட்டித்தரும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் கன்ட்ரோலும் எஃப்11உம் அழுத்தி வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஸ்கம்விஎம்மில் லிஃப்ட் நிதானமாகவே வந்தது. இரும்புக் கை போய் மாட்டியதும் நான் போட்ட சத்தத்தில் தம்பியே எட்டிப் பார்த்தான்.

அப்புறம் ஒன்று. படத்தை அகலத் திரைக்கு இழுத்து வைக்காதீர்கள், 4:3 அளவிலேயே இருக்கட்டும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வந்தால் வரட்டும். மேனி ஒரு எலும்புக்கூடு. அவரைக் குண்டாக்கிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.